பூஜைக்கு வைத்த பாட்டில்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சுவரொட்டியில் பிறந்தது. அந்தச் சுவரொட்டியின் தமிழ் என்னுடையது.

பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் ஒரு கம்பெனி. நிஜப் பெயர் வேண்டாம், 'நவாங்கார் ஃப்யூயல்ஸ்' என்று நானே ஒன்றை வைத்துக்கொள்கிறேன். நிலக்கரியிலிருந்து திரவ எரிபொருள் எடுக்கும் சின்னச் சோதனை ஆலை. அங்கே வேலை பார்ப்பவர்களில் பாதிப்பேர் தமிழர்கள். ஆகவே கன்னடம், இந்தி, தமிழ் என்று மூன்று மொழிகளில் ஒரு பாதுகாப்பு அறிவிப்பு வேண்டும் என்றார்கள். தமிழுக்கு என்னைப் பிடித்தார்கள். அல்சூரில் உட்கார்ந்து மொழிபெயர்த்துப் பிழைக்கிற ஆள் நான். ஷாம்பு பாட்டிலின் முதுகு, இன்சூரன்ஸ் படிவத்தின் அடிக்குறிப்பு, எது வந்தாலும் தமிழாக்கிக் கொடுத்துவிடுவேன். அது உண்மையா என்று கேட்பது என் வேலையில் சேர்த்தி இல்லை.

நான் எழுதிய வாசகம் இது:

"இந்த எண்ணெய் சுத்திகரிக்கப்பட்டது. தோலில் பட்டால் அச்சம் வேண்டாம். சோப்புப் போட்டு ஒருமுறை கழுவினால் போதும்."

'கழுவினால் போதும்' என்பதில் ஒரு தாய்ப்பாசம் தெரிகிறது என்று ப்ரஹ்லாத் சொன்னார். ப்ரஹ்லாத் அந்தக் கம்பெனியின் விளம்பர அதிகாரி. தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டினேன். படிக்கத் தெரியாத ஒருவர் பாராட்டும்போது எழுத்தாளனுக்கு உண்டாகிற பூரிப்பு இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு நாள் அந்தப் பூரிப்பிலேயே இருந்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு போன் வந்தது.

"அந்தத் தமிழ் நோட்டீஸ் எழுதினவர் நீங்கதானே?"

"ஆமாம்மா."

"யாரைக் கேட்டு எழுதினேள்?"

"இங்கிலீஷ்ல கொடுத்தாங்க, அதை அப்படியே..."

"அந்த இங்கிலீஷை என் டெஸ்ட்டை வெச்சுண்டு எழுதியிருக்கா. நான் பண்ணின டெஸ்ட். ஒருதரம் வந்து பாத்துட்டுப் போங்கோ."

பேசியவர் அனந்தலக்ஷ்மி. அந்த ஆலையின் ஆய்வுக்கூடத்தில் எண்ணெயின் நச்சுத்தன்மையைச் சோதிக்கிறவர். அவர் சொன்னதைத்தான் கதையாக்கப் போகிறேன். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "என்னைப் பெரிய தியாகியா ஆக்கிடாதேங்கோ. தப்புல எனக்கும் பங்கு இருக்கு."

2

தொடக்கத்துக்கு மூன்று முயற்சிகள் செய்தேன். குப்பைக்கூடையிலிருந்து எடுத்துக் காட்டுகிறேன்.

முதலாவது: "கோடானுகோடி ஆண்டுகள் பூமித்தாயின் மடியில் உறங்கிய கரும்பொன் கண்விழித்து மனிதனைப் பார்த்து..."

[போதும். நிலக்கரி யாரையும் பார்க்கவில்லை. இப்படி ஆரம்பிக்கிறவனை நம்பி நீங்கள் உள்ளே வரவேண்டாம்.]

இரண்டாவது: "சில்வெஸ்டரின் தந்தை கோலார் தங்கவயலில், மூவாயிரம் அடி ஆழத்தில், கல்தூசியை மூச்சாக இழுத்து இழுத்து..."

சில்வெஸ்டர் ஆலையில் ஆபரேட்டர். குழாய் திறப்பதும் மூடுவதும், சோதனைக்கு எண்ணெய் மாதிரி பிடிப்பதும் அவர் வேலை. இந்த வரியை ஆசையாக அவருக்கு வாசித்துக் காட்டினேன். 

"எங்கப்பா இன்னாத்துக்கு சார் இதுல வர்றாரு?"

"ஒரு பின்னணி இருக்கணுமில்ல."

"அவுரு சுரங்கத்துல வேலை செஞ்சாரு, ரிட்டயர் ஆனாரு. இப்ப விவேக் நகர்ல எங்கூடத்தான் கீறாரு. டெய்லி கேரம் ஆடுறாரு. நல்லா கீறாரு சார்."

தங்கவயல்காரர் என்றதும் அவர் அப்பாவின் நெஞ்சுக்கூட்டைத் திறந்து பார்க்கிற வியாதி எங்கள் எழுத்தாளர் கூட்டத்துக்கு உண்டு. உயிரோடு கேரம் ஆடிக்கொண்டிருக்கும் மனிதரைக் கொல்லப் பார்த்தேன். அந்தப் பக்கத்தையும் கிழித்தேன்.

மூன்றாவது: "அனந்தலக்ஷ்மியின் மேஜைமேல் ஒரு பொரிப் பொட்டலமும் ஒரு பாட்டிலும் இருந்தன. பாட்டிலுக்கு யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள்."

இது நிற்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இதற்கு முன்னால் கொஞ்சம் ரசாயனம் சொல்லியாகவேண்டும். கொட்டாவி வந்தால் விட்டுக்கொள்ளுங்கள், எனக்கும் வந்தது.

3

நிலக்கரியைப் பொடித்து, சூடாக்கி, அழுத்தத்தில் வைத்துத் திரவமாக்கலாம். கிடைப்பது கருப்பு எண்ணெய். எரியும், வண்டியும் ஓட்டும். ஆனால் அதில் வளையம் வளையமாகப் பின்னிக்கொண்ட மூலக்கூறுகள் இருக்கின்றன. சிலவற்றில் நைட்ரஜனும் ஒட்டிக்கொண்டிருக்கும். இவை தோலில் பட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மறுநாளும் ஒன்றும் ஆகாது. பல வருஷம் தினம் தினம் பட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் புற்றாக வெளியே வரலாம். வரும் என்று சொல்லவில்லை, வரலாம். இந்த 'லாம்' என்கிற சந்துக்குள்தான் கம்பெனிகள் காலம் தள்ளுகின்றன.

இதற்கு மருந்தும் உண்டு. அந்தக் கருப்பு எண்ணெயை மறுபடி சூட்டிலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜனோடு சேர்த்து வினையூக்கி என்கிற குருணைகளின் வழியே செலுத்தினால் வளையங்கள் உடைந்தும் நிரம்பியும் சாதுவாகிவிடும். நைட்ரஜனும் கழன்றுவிடும். எண்ணெய் வைக்கோல் நிறத்துக்கு வெளுக்கும். கெடுதல் பெரும்பாலும் போய்விடும். இது பொய் இல்லை, நல்ல வேதியியல். நவாங்கார் செய்ததும் இதைத்தான், ஒழுங்காகத்தான் செய்தார்கள்.

ஒரே ஒரு விஷயம். அந்தக் குருணைகளுக்கு வயதாகும். நாளாக ஆகக் கரி படிந்து வேலைக்கு லாயக்கில்லாமல் போகும். முதலில் விட்டுப்போவது கஷ்டமான வேலை; அதாவது நைட்ரஜனும் வளையங்களும். சுலபமான வேலையான கந்தகத்தை நீக்குவதைக் கடைசிவரை செய்துகொண்டிருக்கும். ஆலையின் மீட்டர் அளந்தது கந்தகத்தை மட்டும். மீட்டர் தினமும் 'எல்லாம் சுகம்' என்றது. எண்ணெயின் நிறமும் அப்படியே இருந்தது.

[அடிக்குறிப்பு போல ஒன்று: நான் அறிவியல் படித்தவன் அல்ல. மேலே உள்ளதை அனந்தலக்ஷ்மி ஒரு டிஷ்யூ பேப்பரில் படம் போட்டு விளக்கினார். பிழை இருந்தால் என்னுடையது, டிஷ்யூவுடையது அல்ல.]

4

அனந்தலக்ஷ்மிக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. மல்லேஸ்வரம். கொள்ளுத்தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர் என்பதை அந்த வீட்டில் இன்றைக்கும் காபி ஆறுவதற்குள் சொல்லிவிடுவார்கள். அவருக்கு அதில் அலுப்பு. பூஜை புனஸ்காரத்திலும் அலுப்பு. நம்பிக்கை இல்லை என்று சண்டை போடமாட்டார், சத்தமில்லாமல் நகர்ந்துவிடுவார். தன் ஆய்வுக்கூடத்தில் எண் மட்டும்தான் பேசும் என்று அவருக்கு ஒரு கர்வம் இருந்தது.

ஆயுத பூஜையன்று பீன்யா எப்படி இருக்கும் என்று பார்த்திருப்பீர்கள். லேத் மிஷினுக்குச் சந்தனம், லாரிக்கு வாழைக்கன்று, வாசலில் உடைத்த பூசணிக்காய், கால் வைத்த இடமெல்லாம் பொரி. நவாங்காரின் தலைவர் சேஷகிரிக்கு அது வருஷத்தின் தலையாய நாள். வெளிநாட்டில் வேதியியல் பொறியியல் படித்துவிட்டு வந்தவர். பஞ்சாங்கம் பார்க்காமல் பல் தேய்க்கமாட்டார். ஒன்றுக்கொன்று இடிக்கிறதே என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. இரண்டும் அவரிடம் சமர்த்தாகக் குடித்தனம் செய்தன.

அந்த வருஷம் பூஜைக்கு முந்தின வாரம் ஆலையை நிறுத்தி, ரியாக்டர் என்கிற கலத்திலிருந்த பழைய குருணையைக் கொட்டிக் கழுவிவிட்டுப் புதிதாக நிரப்பினார்கள். பூஜையன்று காலை, நல்ல நேரம் பார்த்து, எலுமிச்சம்பழம் நசுக்கி ஆலையை ஓட்டினார்கள். குழாயிலிருந்து வந்த முதல் எண்ணெயைச் சேஷகிரியே ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தார். குங்குமம் வைத்து, சாமி படத்தின் முன்னால் மூன்று நாள் வைத்தார்கள். விஜயதசமி கழிந்ததும் பொரிப் பொட்டலத்தோடு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

"முதல் பாட்டில்மா. உன் கையால டெஸ்ட் பண்ணு. பாஸாகும்," என்றார் சேஷகிரி.

இங்கே ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏமாற்று வேலையாக இருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம். சேஷகிரிக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, பாட்டிலை இருட்டில் மாற்றிவைத்து, நாலு பக்கத்தில் முடித்திருப்பேன். அந்த மனிதர் பக்தியோடு செய்தார். முதல் பாலைச் சாமிக்கு, முதல் மாம்பழத்தைச் சாமிக்கு என்று கொடுத்துப் பழகிய கை, முதல் எண்ணெயையும் அப்படித்தான் எடுத்து வைத்தது. முதலாவது மற்றவை மாதிரித்தான் இருக்குமா என்று எந்த வீட்டில் யார் கேட்டிருக்கிறார்கள்?

அனந்தலக்ஷ்மி பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் குங்குமத்தைத் துடைத்தார். மாதிரிப் படிவத்தை எடுத்து நிரப்பினார். அதில் 'வினையூக்கியின் வயது' என்று ஒரு கட்டம் உண்டு. அவர் அங்கே நாள் கணக்கு எழுதாமல் ஒரு சின்னக் கோடு போட்டார். பொரியைக் கொறித்துக்கொண்டே போட்டார் என்று அவரே சொன்னார். குங்குமத்தைத் துடைத்த பிறகு பூஜை முடிந்துவிட்டது என்று அவர் நினைத்தார். பாட்டிலுக்குள் அது அப்படியே இருந்தது.

5

சோதனை இது. ஒருவகை பாக்டீரியாவைத் தட்டில் பரப்பி, எண்ணெயின் சாற்றைச் சேர்ப்பார்கள். மரபணுவில் கோளாறு உண்டாக்குகிற பொருள் இருந்தால் தட்டில் புள்ளிகள் முளைக்கும். எண்ணவேண்டியதுதான். எண்ணெயே சேர்க்காத தட்டில் முப்பது புள்ளி. சுத்திகரிக்காத கருப்பு எண்ணெய்க்கு ஆயிரத்துக்கு மேல். பூஜை பாட்டிலுக்கு முப்பத்து நான்கு.

முப்பத்து நான்கு என்றால் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அனந்தலக்ஷ்மி மூன்றுமுறை செய்து பார்த்துவிட்டு அறிக்கை கொடுத்தார். சேஷகிரி இனிப்பு கொடுத்தார். ப்ரஹ்லாத் சுவரொட்டி கொடுத்தார். நான் என்ன கொடுத்தேன் என்பதை முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

பிறகு ஒரு படிவம் வந்தது, 'ஆபத்து வகை மாற்றம்' என்று தலைப்பு. அதில் அனந்தலக்ஷ்மி கையெழுத்துப் போட்டால் எண்ணெய் 'தீங்கற்றது' பட்டியலுக்குப் போகும். கனத்த கையுறை வேண்டாம், வீட்டுக்குப் போகுமுன் குளியல் வேண்டாம், நீல அறை வேண்டாம்.

நீல அறை என்பது ஆலையின் பின்பக்கம் இருக்கும் ஓர் இருட்டு அறை. ஷிஃப்ட் முடிந்ததும் எல்லாரும் அங்கே போய் ஒரு புற ஊதா விளக்கின் கீழ் கையை நீட்டவேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் தோலில் ஒட்டியிருக்கும் எண்ணெய் அந்த வெளிச்சத்தில் மஞ்சள் பச்சையாக ஒளிரும். ஒளிர்ந்தால் மறுபடி கழுவவேண்டும், ஒளிராதவரை. அந்த அறையை இடித்து, கண்ணாடிச் சுவர் வைத்து, விருந்தினர் உட்கார்ந்து காபி குடிக்க இடம் செய்வதாகத் திட்டம். வரைபடமே தயாராகிவிட்டது. காபி மிஷின் எங்கே நிற்கும் என்பதுகூட அதில் இருந்தது.

கையெழுத்துப் போடக் கெடு பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை.

6

இப்போது சில்வெஸ்டர். இவரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம், உங்களிடம் மறைக்கவில்லை. இவர் கையில் ஒரு மரு வைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முழங்கைக்குக் கீழே, சின்னதாக, கருத்த மரு. உங்களுக்கு இரக்கம் வரும், கதை சூடு பிடிக்கும்.

மரு இல்லை. அவர் கை நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கிற கையைப் பற்றி நீங்கள் கவலைப்படவேண்டும் என்று கேட்பதுதான் இந்தக் கதையின் கஷ்டம். கெட்டுப்போன பிறகு கவலைப்பட ஊரே வரும், மெழுகுவத்தியோடு.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் சில்வெஸ்டர் ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டினார்.

"மேடம், ரெண்டு நிமிஷம் ப்ளூ ரூமுக்கு வர்றீங்களா?"

"என்ன விஷயம்?"

"நீங்களே பாருங்க மேடம். நான் சொன்னா சரியா வராது."

அறைக்குள் போய் விளக்கைப் போட்டுக் கையை நீட்டினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே, நகக்கண்ணில், மணிக்கட்டு மடிப்பில், மஞ்சள் பச்சை பளீரென்று எரிந்தது.

"இது எந்த எண்ணெய்? சுத்தம் பண்ணாததைத் தொட்டேளா?"

"இல்ல மேடம். ட்ரீட் பண்ணதுதான். கிளவுஸ் ஒண்ணு கிழிஞ்சிருந்துச்சு, அவ்ளோதான். மூணு தரம் கழுவிட்டேன். இன்னும் கீது."

"ட்ரீட் பண்ணினது இப்படித் தெரியாதே."

"ஆயுத பூஜை அப்போ தெரியல மேடம். பல்பு ஃப்யூஸ் ஆயிடுச்சுன்னு நாங்களே கிண்டல் பண்ணிக்கினு இருந்தோம். கிறிஸ்மஸுக்கு லைட்டா தெரிஞ்சுது. இப்ப பாருங்க. பஸ்ஸுல கம்பியப் புடிக்கவே பேஜாரா கீது."

 அனந்தலக்ஷ்மியின் மனசு படிவத்தில் போட்ட அந்தச் சின்னக் கோட்டுக்குப் போய்விட்டது. புதுக் குருணை, முதல் நாள், முதல் பாட்டில். இருபது வருஷம் மாதிரி எடுக்கும் முறையைப் பற்றி மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவர்.  அவமானமாக இருந்தது.

"இப்போ ஓடிண்டிருக்கிற எண்ணெயில ஒரு பாட்டில் பிடிச்சுக் கொடுங்கோ," என்றார்.

"இப்பவேவா?"

"இப்பவே."

மணி பன்னிரண்டரை. புதன்கிழமை. இந்த விவரம் எனக்குப் பின்னால் தேவைப்படும்.

[இங்கே ஒரு வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன்: "அந்தப் பாட்டிலின் குளிர்ச்சி அவர் உள்ளங்கையில் ஒரு தீர்ப்பைப் போல..." பாட்டில் சூடாக இருந்தது. ரியாக்டரிலிருந்து வருகிறது, குளிருமா?]

மூன்று நாள் கழித்துத் தட்டுகளை எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டு. நம்பாமல் புதுத் தட்டுகளில் இன்னொருமுறை செய்தார், இன்னும் மூன்று நாள். நானூற்று ஐந்து.

7

கெடுவுக்கு முந்தின நாள் சேஷகிரியின் அறை. அவர் அறிக்கையை முழுதாகப் படித்தார். எண்ணைப் பார்த்து முகம் மாறவில்லை. தேதியையும் நேரத்தையும் பார்த்ததும் மாறியது. போனை எடுத்து எதையோ தடவிப் பார்த்தார்.

"புதன்கிழமை பன்னிரண்டரை. ராகு காலம்மா இது."

"சார்?"

"ராகு காலத்துல யாராவது சாம்பிள் எடுப்பாளா? நீ படிச்சவ."

அனந்தலக்ஷ்மிக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு இதைச் சொல்லும்போதும் அவர் சிரிக்கவில்லை.

"பாக்டீரியாவுக்கு ராகு காலம் தெரியாது சார்."

"சரி, விடு. பூஜை பாட்டில் பாஸாச்சே? அதுவும் நீ பண்ணினதுதானே?"

"ஆமா சார். அது புதுக் காட்டலிஸ்ட். முதல் மணி நேரத்து எண்ணெய். அது எத்தனை நாள் ஓடினதுன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கலை. என் தப்பு."

"அதுல தப்பே இல்லையேம்மா. அதுதான் நம்ம எண்ணெய். நம்மால என்ன முடியும்னு அது காட்டித்து. மத்ததெல்லாம் ஸ்வல்ப ஏறும், இறங்கும்."

"சில்வெஸ்டர் கையில ஒட்டறது அந்த மத்ததுதான் சார். பூஜை பாட்டில் உங்க ஷெல்ஃப்ல இருக்கு."

இருந்தது. சோதனைக்குப் போக மிஞ்சியது, அலமாரியில், வெள்ளிப் பிள்ளையாருக்குப் பக்கத்தில். யாரோ மறுபடி குங்குமம் வைத்திருந்தார்கள்.

 சேஷகிரி கெட்ட மனிதர் இல்லை. ஆலையில் யாருக்காவது காய்ச்சல் என்றால் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவரால் தாங்கமுடியாதது ஒன்றுதான்: சாமி முன்னால் வைத்த பொருள் சாட்சி சொல்ல லாயக்கில்லாதது என்பது.

"இப்படிப் பண்ணலாம்," என்றார். "யுகாதிக்குக் காட்டலிஸ்ட் மாத்தறோம். அன்னிக்கு நல்ல முகூர்த்தம். நீயே வந்து உன் கையால பாட்டில்ல பிடிச்சுக்கோ. டெஸ்ட் பண்ணு. பாஸாகும், எனக்குத் தெரியும். இப்போ கையெழுத்துப் போட்டுடு."

"யுகாதிக்கு மறுநாள் சார்?"

"காபி சாப்பிடறியா?" என்றார் சேஷகிரி.

8

நாளை வெள்ளிக்கிழமை. மேஜைமேல் படிவம். அனந்தலக்ஷ்மி கையில் பேனா. இந்த இடத்தில் எழுத்தாளர்கள் ஜன்னல் வழியாக மழையைப் பார்ப்பார்கள். பிப்ரவரியில் பெங்களூரில் மழை இல்லை. எனவே நேராக முடிவுகளுக்குப் போகலாம்.

முடிவு ஒன்று. அவர் படிவத்தைக் கிழித்துச் சேஷகிரியின் மேஜைமேல் வீசுகிறார். வெளியே வரும்போது தொழிலாளர்கள் வரிசையாக நின்று கை தட்டுகிறார்கள். சேஷகிரி தலை குனிகிறார். இதை விரும்புகிறவர்கள் பீன்யாவுக்கு ஒருநாள் போய்வரவேண்டும். ஷிஃப்ட் முடிந்தால் அங்கே யாரும் கை தட்டமாட்டார்கள், மெட்ரோவுக்கு ஓடுவார்கள்.

முடிவு இரண்டு. அவர் கையெழுத்துப் போடுகிறார். இருபது வருஷம் கழித்து ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் வயதான ஒருவர் கையில் கட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறார். முகம் தெரிந்த முகமாக... வேண்டாம். இதற்குப் பரிசு கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். சில்வெஸ்டருக்குப் புற்றுநோய் கொடுத்து நான் பொன்னாடை போர்த்திக்கொள்ளவேண்டுமா?

நடந்தது மூன்றாவது. அனந்தலக்ஷ்மி கையெழுத்துப் போட்டார். போடுமுன் அதற்கு மேலே தன் கையெழுத்தில் இப்படி எழுதினார்:

"இது ஆயுத பூஜையன்று காலை எடுத்த ஒரே ஒரு பாட்டிலுக்கு மட்டும் பொருந்தும். இப்போது ஓடும் எண்ணெய்க்குப் பொருந்தாது. அதற்கான எண்கள் இணைப்பில் உள்ளன. வினையூக்கியின் வயதைக் குறிக்காமல் விட்டது என் பிழை. கையுறை, குளியல், நீல அறை மூன்றும் தொடரவேண்டும். வாரம் ஒரு மாதிரி எடுக்கவேண்டும், எந்த நேரத்திலும்."

'எந்த நேரத்திலும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

ப்ரஹ்லாத் அதைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், இது சைன் பண்ணினதா, பண்ணலையா?" என்று கேட்டாராம். மூன்று வாரமாகத் தலைமை அலுவலகத்தில் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். விளக்கைக் கழற்ற உத்தரவும் வரவில்லை, வைத்திருக்க உத்தரவும் வரவில்லை. காபி மிஷின் வந்துவிட்டது. அட்டைப்பெட்டியோடு நீல அறையின் வாசலில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே முடித்திருக்கலாம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் நான் எங்கே? எல்லாரையும் ஏளனம் செய்துவிட்டு அல்சூருக்கு பஸ் ஏறிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சில்வெஸ்டர் விடவில்லை.

9

"ரைட்டர் சார், உங்க நோட்டீஸ் எங்க கீதுன்னு பாத்தீங்களா?" என்றார்.

பார்க்கவில்லை. எழுதியவன் போய்ப் பார்க்கிற வழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது.

நீல அறைக்குள் கூட்டிப்போனார். அனந்தலக்ஷ்மியும் கூட வந்தார். கை கழுவும் தொட்டிக்கு மேலே, மூன்று மொழியில், வழவழப்பான தாளில் ஒட்டியிருந்தது. அச்சு நேர்த்தி. ஒரு குழந்தையின் உள்ளங்கைப் படம் வேறு போட்டிருந்தார்கள்.

"லைட்ட ஆஃப் பண்றேன்," என்றார் சில்வெஸ்டர்.

இருட்டு. பிறகு அந்த விளக்கு. தாள் வெளிறிய நீலமாக எழும்பியது. அதன்மேல் மஞ்சள் பச்சையாகக் கோடுகள். கன்னட வரிகளின் கீழ் சில, இந்தியின் கீழ் சில. தமிழின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக, தடித்து, வாக்கியத்தின் முதல் சொல்லில் தொடங்கி வரிவரியாக நகர்ந்திருந்தன. கடைசிச் சொல்லில் தடம் அகலமாகப் பரவியிருந்தது. 'போதும்' என்ற சொல் அது.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"என்ன இது?"

"படிச்சிருக்காங்க சார். எங்காளுங்க வெரல வெச்சுத்தான் படிப்பாங்க."

 முப்பது வருஷமாக எழுதுகிறேன். என்னை யார் படிக்கிறார்கள், எந்த வரியில் நிற்கிறார்கள் என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. அன்றைக்குத் தெரிந்தது.

"முன்னாடி மூணு தரம், நாலு தரம் கழுவுவாங்க," என்றார் சில்வெஸ்டர். குரலில் கோபம் எதுவும் இல்லை. "கை கிளியர் ஆவுற வரைக்கும் நிப்பாங்க. இத்தப் படிச்சிட்டு இப்ப ஒரு தரம் கழுவிட்டு மெட்ரோவுக்குப் போயிடுறாங்க. விளக்கு எரியுது, யாரும் நீட்டுறதில்ல. கேட்டா, எழுதியே போட்டுட்டாங்களேன்றாங்க."

அனந்தலக்ஷ்மி என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நான் ஒரு கட்டத்துல கோடு போட்டேன். நீங்க மூணு வாக்கியம் எழுதினேள். அவ்வளவுதான் வித்தியாசம்."

ப்ரஹ்லாத்துக்குப் போன் செய்தேன். மாற்றிவிடலாம் சார், புது வாசகம் அனுப்புங்கள் என்றார், ஆனால் பயமுறுத்தாமல், நாலு பேர் பார்த்தால் சந்தோஷப்படுகிற மாதிரி. அனுப்பினேன்.

"ஒருமுறை கழுவினால் போதாது." திரும்பி வந்தது.

"இந்த எண்ணெய் ஒரு நாள் மட்டும் நல்ல எண்ணெயாக இருந்தது." திரும்பி வந்தது, ஒரு சிரிப்புப் பொம்மையோடு.

"கையை விளக்கில் காட்டிவிட்டுப் போங்கள், தயவு..." இதை அனுப்பவே இல்லை. கெஞ்சுகிற சுவரொட்டியை யார் படிப்பார்கள்.

சில்வெஸ்டர் காத்திருக்கவில்லை. முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்து, ஒரு வெள்ளைத் தாளை என் வாக்கியத்தின்மேல் ஒட்டிவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. தமிழ் இருந்த இடத்தில் இப்போது வெறும் வெள்ளை.

10

ஆகவே முடிவை உங்களிடம் தருகிறேன். தத்துவமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அங்கே ஒரு தாள் காலியாக இருக்கிறது.

மூன்று வரிக்கு இடம். படிக்கப்போகிறவர் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்திருப்பார். மெட்ரோவுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும். கையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நீங்கள் எழுதுவதை அவர் அப்படியே நம்புவார், அதுதான் பயம். சாமர்த்தியம் வேண்டாம், அது என்னிடமே நிறைய இருந்தது.

..............................................

..............................................

..............................................

எழுதிவிட்டால், ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். விரல் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். எழுத வரவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். வெள்ளைத் தாள் ஒட்டிய மறுநாளிலிருந்து பதினோரு பேர் மறுபடி விளக்கில் கையை நீட்டுகிறார்கள் என்று சில்வெஸ்டர் சொன்னார்.